சிற்றலைக் கடலில் இரண்டு கைட்போர்டுகள்: ஓர் ஒப்பீட்டு ஆய்வு

புதிய கைட்போர்டை, அதாவது கைட் என்ற பெரிய பட்டம் இழுக்க நீரின்மேல் நின்று ஓட்டும் பலகையை, முதல் தடவை ஓட்டிவிட்டுக் கரையேறுபவர் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "பழையதைவிட மெத்தென்று போகுது." அது பொய் இல்லை. எதனால் மெத்தென்று போகிறது என்று கேட்டால் மட்டும் உடனே போர்டைக் காட்டுவார். அந்தப் போர்டோடு பாதத்துக்கு அடியில் வரும் புதிய கால் பேட், பாதத்தைப் பிடிக்கும் புதிய ஸ்ட்ராப், போர்டின் அடியில் துடுப்புபோல் நிற்கும் வேறு அளவு ஃபின் எல்லாம் சேர்ந்தே வந்திருக்கும். புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு புதுச் சாலையில் நடந்துவிட்டுச் சாலையை மட்டும் பாராட்டுவது போன்றது இது.

கொந்தளிக்கும் தண்ணீருக்கென்றே வடிவமைத்தது என்ற விளக்கத்தோடு வந்த ஒரு புதிய ட்வின்டிப் (இரு நுனியும் ஒன்றுபோல் இருப்பதால் இரு பக்கமும் ஓடும்) போர்டை, நான் நெடுநாள் ஓட்டிவரும் போர்டோடு ஒப்பிட்டுப் பார்த்த கதை இது. கேட்க நினைத்த கேள்வி குறுகலானது. சிற்றலைகள் நெருக்கமாக அடிக்கும் நீரில் புதிய போர்டு உண்மையிலேயே உடம்பைக் காப்பாற்றுகிறதா? காப்பாற்றினால், அதில் எவ்வளவு போர்டின் வடிவத்தால், எவ்வளவு அதன்மேல் திருகியிருக்கும் பொருள்களால்? முழங்கால் வலியோடு கரையேறும் பலர் அடுத்த போர்டைத் தேடத் தொடங்குகிறார்கள். அவர்களுக்கு இந்தப் பிரிப்பு முக்கியம் என்று நினைக்கிறேன்.

இரண்டு போர்டுகள்

அளவு வேறாக இருந்தால் ஒப்பீட்டுக்கே பொருளில்லை. நல்ல வேளையாக இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு. பழையது 138 செ.மீ. நீளம், புதியது 139. இரண்டுக்கும் நடு அகலம் 41.5 செ.மீ. பேட், ஃபின் எல்லாவற்றையும் கழற்றி எடை போட்டால் இரண்டும் இரண்டரை கிலோவை ஒட்டியே நிற்கின்றன. இரண்டிலும் உள்ளே இருப்பது பௌலோனியா மரம். எடை குறைவு, உப்பு நீரை எளிதில் உறிஞ்சாது என்பதால் இந்தத் துறையில் பெரும்பாலோர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

வித்தியாசம் வளைவில் தொடங்குகிறது. ராக்கர் என்பது போர்டின் அடிப்பக்கம் நுனிக்கு நுனி எவ்வளவு மேல்நோக்கி வளைந்திருக்கிறது என்பது. அளப்பது எளிது. ஃபின்களைக் கழற்றி, சமமான மேசைமேல் அடிப்பக்கம் கீழே இருக்க வைத்து, இரு நுனிகளும் ஒரே உயரத்தில் நிற்கும்படி சமன்செய்து, மேசையிலிருந்து நுனிவரை அளந்தால் போதும். பழைய போர்டில் 42 மி.மீ., புதியதில் 53. பதினொரு மில்லிமீட்டர் கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும். தண்ணீரில் அது வேறு போர்டு.

அடுத்தது ஃப்ளெக்ஸ், அதாவது வளைந்துகொடுக்கும் தன்மை. கையால் அழுத்திப் பார்த்து "இது மென்மை, அது விறைப்பு" என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு போர்டின் நடுப்பகுதியையும் மேசை விளிம்பில் இறுகப் பிடித்து, வெளியே நீட்டிய நுனியில் பத்து லிட்டர் தண்ணீர்க் கேனைத் தொங்கவிட்டு, எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தோம். புதியதன் நுனி பழையதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இறங்கியது. பிறகு இரு நுனிகளுக்கும் முட்டுக்கொடுத்து நடுவில் அதே எடையை வைத்தபோது இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆக, புதிய போர்டின் நடு விறைப்பாகவே இருக்கிறது; நுனிகள் மட்டும் வளைகின்றன. பழையதில் கார்பன் பட்டைகள் குறுக்காக நுனிவரை ஓடுகின்றன, புதியதில் கண்ணாடி இழை மட்டும். அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அடிப்பரப்பும் வேறு. பழையதில் ஒரே குழிவு நுனிவரை செல்கிறது. புதியதில் நடுவில் உள்ள குழிவு நுனியை நெருங்கும்போது இரண்டாகப் பிரிந்து, நடுக்கோடு சற்றே கீழே புடைத்து, தட்டையான 'வி' போல ஆகிவிடுகிறது. நுனிகளும் கொஞ்சம் ஒடுங்கியவை.

தண்ணீர்

சோதனை நடந்த இடத்தில் வெளியே ஒரு மணல் திட்டு இருக்கிறது. பெரிய அலைகள் அதில் உடைந்துவிடும். உள்ளே மூன்று நான்கு கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் காற்று தன் கைவண்ணத்தைப் புதிதாகக் காட்டத் தொடங்கும். காற்று 20 முதல் 24 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கி.மீ.), கரையை நோக்கிச் சாய்வாக. அப்படிப்பட்ட இடத்தில் எழும் அலை உயரமானதில்லை, முப்பது நாற்பது சென்டிமீட்டர்தான். ஆனால் இரண்டு விநாடிக்கு ஒன்று என்று வரும்.

இந்த இரண்டு விநாடியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் போர்டு படும் பாடு முழுவதும் அதற்குள் இருக்கிறது. ஆழமான நீரில் இரண்டு விநாடி அலையின் நீளம் ஏறத்தாழ 6.2 மீட்டர், அது நகரும் வேகம் விநாடிக்கு 3.1 மீட்டர். காற்றுக்கு 60 டிகிரி கோணத்தில் எதிர்த்து ஏறும் ஒருவர் விநாடிக்கு 9 மீட்டர், அதாவது 17 நாட்டுக்குச் சற்று மேல், போகிறார் என்று வையுங்கள். அலைகளுக்கு நேர் எதிராக அவருடைய வேகம் 4.5 மீட்டர். அலையின் வேகத்தையும் கூட்டினால் 7.6. அதை 6.2 மீட்டர் அலைநீளத்தால் வகுத்தால் விநாடிக்கு 1.2 அலைகள். இருபது நிமிடம் நிறுத்தாமல் ஏறினால் ஆயிரத்து நானூறுக்கு மேல் மோதல்கள். காற்றுக்குக் குறுக்கே செங்கோணத்தில் போனால் அது விநாடிக்கு அரை அலையாகக் குறைகிறது. காற்றோடு இறங்கினாலோ நம் வேகமும் அலையின் வேகமும் ஒரே திசையில் ஓடுவதால் எதிர்த்து ஏறுவதைவிட மெதுவாகத்தான் அலைகளைக் கடக்கிறோம். உண்மைக் கடலில் பல நீள அலைகள் கலந்திருக்கும் என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் ஒரே போர்டைப் பற்றி ஒருவர் "முதுகை உடைக்கிறது" என்றும் இன்னொருவர் "ஒன்றுமே தெரியவில்லை" என்றும் சொல்வதற்குப் பெரும்பாலும் அவர்கள் போன திசையே விளக்கமாகிவிடும்.

ஆழம் குறைந்தால் நிலைமை இன்னும் மோசம். அலைநீளத்தில் பாதியைவிட ஆழம் குறையும்போது அலை தரையை உணரத் தொடங்கும். இதே இரண்டு விநாடி அலை ஒரு மீட்டர் ஆழத்துக்கு வந்தால் நீளம் 5.2 மீட்டராகச் சுருங்குகிறது, சரிவு செங்குத்தாகிறது. நீரோட்டம் காற்றை எதிர்த்து ஓடும் நேரத்திலும் இதேதான் நடக்கும். அதனால் நீரோட்டம் திரும்பும் நேரத்தைத் தவிர்த்து, ஒரே ஆழத்தில், ஒரே தடத்தில்தான் எல்லா ஓட்டங்களையும் வைத்தோம்.

கைட் வேகச் சாதனைகளுக்கு எங்கே போகிறார்கள் என்று பார்த்தாலே தண்ணீரின் பங்கு புரிந்துவிடும். 2010-ல் ராப் டக்ளஸ் 500 மீட்டர் தூரத்தில் 55.65 நாட் சராசரியைத் தொட்டது நமீபியாவின் லூடெரிட்ஸில், இதற்கென்றே தோண்டிய ஒடுங்கிய வாய்க்காலில். காற்று பலமாக இருக்க வேண்டும், ஆனால் அலை எழ இடமே இருக்கக் கூடாது. நமக்கு வாய்ப்பது இதற்கு நேர்மாறான தண்ணீர். போர்டு விளக்கங்களில் வரும் வேகத்தையும், காற்று வரும் திசைக்கு எவ்வளவு நெருக்கமாகப் போக முடியும் என்ற ஏறும் கோணத்தையும் தட்டையான நீரில் பார்த்தார்களா, அலையில் பார்த்தார்களா என்று கேட்காமல் ஏற்பதற்கில்லை.

சோதனையை அமைத்த விதம்

ஓட்டியவர்கள் இருவர். நான் 72 கிலோ; என் நண்பன் 90-க்குச் சற்று மேல். எனக்கு 9 சதுர மீட்டர் கைட், அவனுக்கு 12. ஒவ்வொருவரும் கடைசிவரை தன் கைட், அதைத் திருப்பும் கைப்பிடியான பார், 24 மீட்டர் கயிறுகள், கைட்டின் இழுப்பை உடம்பில் தாங்கும் கச்சையான ஹார்னெஸ் எதையும் மாற்றவில்லை. மாறியது காலடியில் இருந்தது மட்டும்.

மூன்று அடுக்காகப் பிரித்தோம். முதலில் இரண்டு போர்டுகளையும் அவற்றுடன் வந்த பேட், ஃபின்களோடு அப்படியே ஓட்டுவது. அடுத்து பேட்களையும் ஸ்ட்ராப்களையும் மட்டும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி ஓட்டுவது. கடைசியாக ஃபின்களை மாற்றுவது. இரண்டிலும் 6 மி.மீ. திருகுகள்தான் என்பதால் இது கரையிலேயே முடிகிற வேலை. கால்களுக்கு இடையிலான தூரம் 60 செ.மீ., பாதங்கள் வெளிநோக்கித் திரும்பும் கோணம் 9 டிகிரி என்று இரண்டிலும் ஒன்றாகவே வைத்தோம். இதை விட்டுவிட்டால் மற்ற கவனமெல்லாம் வீண். கால் அகலம் மூன்று செ.மீ. கூடினாலே முழங்கால் மடியும் விதம் மாறிவிடும்.

ஓட்டும் வரிசையும் முக்கியம். பழையது, புதியது, புதியது, பழையது என்ற வரிசையில் போனோம். எப்போதும் புதியதை இரண்டாவதாக எடுத்தால் சோர்வு அதன் கணக்கில் விழும். எப்போதும் முதலில் எடுத்தால் புத்துணர்ச்சி அதன் கணக்கில் விழும். காற்று மெல்ல ஏறும் அல்லது இறங்கும் நாளிலும் இந்த வரிசை அநியாயத்தைச் சரிசெய்கிறது.

கையில் ஜி.பி.எஸ். கடிகாரம்; உடுப்பின் முதுகுப் பையில் நீர் புகாத உறைக்குள் ஒரு கைபேசி, அதன் முடுக்கமானி ஓடிக்கொண்டே இருக்கும். கைபேசியைப் போர்டிலேயே ஒட்டலாமே என்று கேட்டால், போர்டு படும் அடியைவிட முதுகுவரை வந்து சேரும் அடியே எனக்கு வேண்டியிருந்தது. முழங்காலும் இடுப்பும் நடுவில் உறிஞ்சிக்கொள்வதால் இந்த எண்களைத் தனியாக எடுத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஒரே ஆள், ஒரே தடம், அடுத்தடுத்த ஓட்டம் என்று வரும்போது எது கூடுதல், எது குறைவு என்பதற்கு மட்டும் அவற்றை நம்பினேன். அப்புறம் இன்னொன்று: கரையேறியதும் இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதற்கு முன் தனித்தனியாகக் குரல் குறிப்பு பதிவுசெய்தோம். பேசிவிட்டால் இருவருடைய அனுபவமும் ஒன்றாகிவிடும்.

வந்தபடியே ஓட்டியபோது

முதல் அடுக்கில் எதிர்பார்த்ததே நடந்தது. புதிய போர்டு தெளிவாக மென்மையாக இருந்தது. காற்றுக்குக் குறுக்கே, கைட்டின் இழுப்பை அதிகம் எதிர்க்காமல் போர்டைக் கொஞ்சம் தட்டையாக விட்டு வேகமாகப் போகும்போது அந்த வித்தியாசம் மிகப் பெரிது. பழையது ஒவ்வொரு அலை முகட்டையும் அறைந்துவிட்டுப் போகிறது. புதியது அதன்மேல் ஏறி இறங்குகிறது. முடுக்கமானிப் பதிவும் அதையே காட்டியது.

இதற்கான இயற்பியல் பழையது, திடமானது. தட்டையான ஒரு பரப்பு நீர்ப்பரப்புக்கு இணையாக வந்து மோதினால் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். இரண்டுக்கும் நடுவே சில டிகிரி கோணம் இருந்தாலே அது வெகுவாகக் குறையும். கடல் விமானங்கள் இறங்கும்போது அவற்றின் மிதவைகள் தாங்க வேண்டிய விசையைக் கணக்கிட 1929-ல் தியடோர் ஃபான் கார்மானும், அவரைத் தொடர்ந்து 1932-ல் ஹெர்பர்ட் வாக்னரும் செய்த வேலையின் சாரம் இது. படகின் அடி 'வி' வடிவில் இருப்பதும் இதனால்தான். புதிய போர்டின் நுனிப்பக்கப் புடைப்பும் கூடுதல் ராக்கரும் சேர்ந்து அதே வேலையைச் செய்கின்றன: அலையின் முகமும் போர்டின் அடியும் இணையாக வந்து அறையும் தருணங்கள் குறைகின்றன. அடி சுருக்கென்று விழாமல் சற்றே நீண்ட நேரத்தில் பரவுகிறது.

தெறிப்பு இன்னொரு வேறுபாடு. விளக்கங்களில் அதிகம் பேசப்படாத இது எனக்குப் பெரிதாகப் பட்டது. பழைய போர்டின் அகன்ற முன்நுனி அலையில் புகும்போது நீரை நேராக முகத்துக்கு எறிகிறது. நாள் முழுக்கக் கண்ணில் உப்பு. அடுத்த அலை எங்கே என்று பார்ப்பதற்குள் அது காலடியில் இருக்கும். புதியதன் ஒடுங்கிய, மேலே வளைந்த நுனி நீரைப் பக்கவாட்டில் தள்ளிவிடுகிறது. அலையைப் பார்க்க முடிந்தால் முழங்காலை முன்கூட்டியே மடக்கலாம். மடக்கினால் அடி குறைகிறது. மென்மை என்று நாம் உணர்வதில் ஒரு பங்கு கண்ணிலிருந்து வருகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் காற்றை எதிர்த்து முழு இழுப்பில் ஏறும்போது விஷயம் அவ்வளவு தெளிவாக இல்லை. அப்போது போர்டு குதிகால் விளிம்பில் நன்றாகச் சாய்ந்து நிற்கிறது. அந்தச் சாய்வே அலைக்கு ஒரு கூரான முகத்தைக் காட்டிவிடுவதால் தட்டை அடியோ, புடைத்த அடியோ, வித்தியாசம் குறுகிவிடுகிறது. அதோடு, கடிகாரத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் பழைய போர்டு இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக ஏறியது. 500 மீட்டர் ஓட்டத்துக்கு மூன்று டிகிரி என்றால் பக்கவாட்டில் ஏறத்தாழ 26 மீட்டர் விலகல். அங்குமிங்கும் சில முறை திரும்பினாலே யார் முன்னே என்பது கண்ணுக்குத் தெரியும். தட்டையான ராக்கர் நீரில் நீண்ட விளிம்பைப் பதிக்கிறது. நீண்ட விளிம்பு பக்கவாட்டில் குறைவாக நழுவுகிறது.

என் நண்பனின் குரல் குறிப்பு என்னுடையதிலிருந்து மாறியது இங்கேதான். புதிய போர்டில் அலை தாக்கியதும் பின்நுனி வளைந்து, திரும்ப நிமிரும்போது அவனைச் சற்றே வெளியே தள்ளுகிறது. "வால் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதுடா" என்பது அவன் சொன்னது. எனக்கு அது லேசாகத்தான் தெரிந்தது. இருபது கிலோ வித்தியாசம் ஒரு நுனியின் ஃப்ளெக்ஸை வேறொன்றாக்கிவிடுகிறது: எனக்கு அதிர்ச்சியைத் தாங்கும் அளவு வளைவது, அவனுக்குப் பிடிமானத்தை இழக்கும் அளவு வளைகிறது. விளிம்பு அரை விநாடி விடுபட்டாலும் கைட் உடனே ஆளைக் காற்றுப்போக்கில் இழுக்கும்; விளிம்பு மறுபடி பிடிக்கும்போது அந்த வெட்டு நேராக ஹார்னெஸில் விழும். முதுகு வலி என்று பலர் சொல்வது அலையின் அடியால் வருவது என்று மட்டும் நினைக்கக் கூடாது. இந்த விட்டுப்பிடிப்பும் அதில் சேரும்.

பேட்களை மாற்றியபோது

சோதனையின் மையம் இதுதான். புதிய போர்டின் பேட்கள் தடித்தவை. குதிகால் பக்கம் அடர்த்தி வேறான இன்னொரு அடுக்கு நுரை. பழைய போர்டின் பேட்கள் மெல்லியவை, வருடங்களாக மிதிபட்டு இறுகிப்போனவை. புதிய பேட்களைப் பழைய போர்டில் திருகிக்கொண்டு கடலில் இறங்கிய முதல் சில நிமிடங்களிலேயே பதில் கிடைத்துவிட்டது. காற்றை எதிர்த்து ஏறும் திசையில், முதல் அடுக்கில் புதிய போர்டுக்கு நான் கொடுத்த பாராட்டில் பெரும்பகுதி இந்தப் பேட்களுக்குப் போக வேண்டியது. பழைய போர்டு புதிய பேட்களோடு கிட்டத்தட்ட அதே அளவு தாங்கக்கூடியதாக இருந்தது. ஏறும் கோணத்தில் அதே முன்னிலையையும் விடவில்லை. நண்பனின் தனிக் குறிப்பும் இதையே சொன்னது, இன்னும் அழுத்தமாக.

மறுபக்கமும் அதே அளவு பேசியது. பழைய, இறுகிய பேட்களோடு புதிய போர்டை எடுத்தபோது அது அடிக்கத் தொடங்கியது. பெரிய அடிகள் இன்னும் குறைவாகத்தான் இருந்தன. ஆனால் பாதத்தில் ஓயாமல் ஒரு சன்னமான அதிர்வு ஏறிக்கொண்டே இருந்தது. அதுவரை அந்த அதிர்வை விழுங்கியது கண்ணாடி இழையின் மென்மை என்றே நினைத்திருந்தேன். அப்படியில்லை, விழுங்கியது நுரை.

அலையின் மோதல் இரண்டு வகையாக வருகிறது என்று பிரித்துக்கொண்டால் இது விளங்கும். ஒன்று, முகடுக்கு முகடு வரும் பெரிய மேடுபள்ளம். இதில் போர்டு முழுவதும் ஏறி இறங்குகிறது. நுரையின் இரண்டு செ.மீ. தடிமனால் நாற்பது செ.மீ. அலையை ஒன்றும் செய்ய முடியாது. அங்கே ராக்கரும் அடிவடிவமும் முழங்காலும்தான் வேலை செய்ய வேண்டும். இரண்டாவது, அலையின் முதுகில் உள்ள குட்டிச் சுருக்கங்களால் வரும் வேகமான நடுக்கம். அதன் வீச்சு மில்லிமீட்டர்கள்தான், நுரைக்கு அது எளிய இரை. விளிம்பில் சாய்ந்து ஏறும்போது பெரிய மோதல்களைச் சாய்வே வெட்டிவிடுவதால் மிஞ்சுவது பெரும்பாலும் இந்த நடுக்கம். அதனால் அந்தத் திசையில் பேட் வென்றது. தட்டையாக ஓடும்போது பெரிய மோதல்கள் மிஞ்சுகின்றன. அங்கே போர்டின் வடிவம் வென்றது. பேட்களை எப்படி மாற்றினாலும் குறுக்கு ஓட்டத்தில் புதிய போர்டின் மேன்மை குலையவே இல்லை.

பேட்டின் தடிமன் இலவசமாக வருவதில்லை. கால் உயரே போகப்போக விளிம்பு எப்போது பிடிக்கிறது, எப்போது விடப்போகிறது என்ற செய்தி மங்கலாக வரும். தட்டையான நீரில் இறுக்கமாகத் திரும்பி விளையாடுகிறவருக்கு அது குறையாகவே தெரியும். கொந்தளிப்பில் அந்த நுண்ணிய செய்திக்கு எப்படியும் இடமில்லை என்பதால் அதை இழப்பதில் எங்கள் இருவருக்கும் வருத்தம் இல்லை.

ஃபின்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். புதிய போர்டு 42 மி.மீ. ஃபின்களோடு வந்தது, பழையதில் இருப்பவை 50. பெரியவற்றைப் புதியதில் மாட்டியதும் பின்நுனியின் அலைச்சல் குறைந்தது. ஏறும் கோணத்தில் இழந்ததில் ஒரு பங்கு திரும்பி வந்தது. அலையில் போர்டு தூக்கி எறியப்பட்டுத் திரும்ப விழும்போது விளிம்பு பதிவதற்கு முன்பே ஃபின்கள் நீரைப் பிடித்துவிடுகின்றன என்பதே காரணம். நண்பனின் புகார் முழுதாகத் தீரவில்லை, பாதி தீர்ந்தது. பதிலுக்கு, போர்டைச் சறுக்கவிட்டுத் திருப்புவது கொஞ்சம் கனத்தது. சிறிய ஃபின்களோடு பழைய போர்டை ஓட்டியபோது பெரிதாக எதுவும் கெடவில்லை. அதன் நீண்ட விளிம்பே போதுமானதாக இருந்தது.

தாவி இறங்கும்போது

கொந்தளிப்பில் தாவுவதில் கடினமான பகுதி கிளம்புவது. விளிம்பை அழுத்திக் கயிறுகளில் இழுவையைச் சேர்க்கும் அந்த ஒன்றிரண்டு விநாடிக்குள் ஒரு அலை வந்து விளிம்பைத் தட்டிவிட்டால் சேர்த்த இழுவை சிதறிவிடும். இதில் பழைய போர்டு மேல். விறைப்பான நுனி அழுத்திய நொடியில் திருப்பி உதைக்கிறது. புதியதில் அந்த உதை சற்றுத் தாமதமாக, மிருதுவாக வருகிறது. முகடு ஒன்றையே சரிவுப்பலகையாக எடுத்துக்கொண்டு கிளம்பினால் இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிடும். கொந்தளிப்பில் எப்படியும் அப்படித்தான் கிளம்ப வேண்டும்.

இறங்கும்போது நிலைமை தலைகீழ். அலையின் சரிவு எங்கே இருக்கும் என்று காற்றில் இருக்கும்போது கணிக்க முடியாது. முகட்டின் பின்சரிவில் இறங்கினால் நல்லது. முன்சரிவில் இறங்கினால் முன்நுனி புகுந்து ஆளைக் கவிழ்க்கும். புதியதன் கூடுதல் ராக்கர் அந்தப் புகுதலை மன்னிக்கிறது. முன்நுனி மூழ்காமல் மேலே வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. பேட்களை மாற்றியும் ஃபின்களை மாற்றியும் இது அப்படியே நின்றது. இருவருக்கும் ஒரேமாதிரி நின்றது. இந்தச் சோதனையில் எந்தத் தயக்கமும் இல்லாமல் போர்டின் வடிவத்துக்கே கொடுக்கக்கூடிய வெற்றி என்றால் இதைத்தான் சொல்வேன்.

காற்று தளரும்போது

24-ல் இருந்த காற்று 15, 16 நாட்டுக்கு இறங்கும் இடைவெளிகளில் ராக்கரின் விலை தெரியவந்தது. வளைந்த அடி தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிறது. தட்டையான அடி அதன்மேல் ஏறி வழுக்குகிறது. வேகம் குறையும்போது பழைய போர்டு இன்னும் சில விநாடிகள் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதற்குள் கைட்டை ஒருமுறை மேலும் கீழுமாக அசைத்து இழுப்பைத் திரும்பப் பெற்றுவிடலாம். புதியது அந்த அவகாசத்தைத் தருவதில்லை; அமிழ்ந்துவிடுகிறது. கொந்தளிப்பில் அமிழ்ந்தால் அடுத்த அலை மேலேயே வந்து உட்காரும். மறுபடி கிளம்ப நிறைய இழுப்பு வேண்டும். எடை கூடியவருக்கு இது இரட்டிப்பாகத் தெரிந்தது. புதிய போர்டில் நண்பன் ஒவ்வொரு தளர்விலும் காற்றுப்போக்கில் இறங்கி இறங்கி, ஏறிச் சேர்த்த தூரத்தையெல்லாம் இழந்துகொண்டே இருந்தான்.

கொந்தளிப்புக்கு நல்ல போர்டு என்ற பெயரைக் கொடுப்பதற்கு முன் இதையும் எடையில் வைக்க வேண்டும். காற்று ஒரே சீராக, தேவைக்குச் சற்று மேலாகவே இருக்கும் நாளில் மட்டும்தான் அந்தப் பெயர் புதிய போர்டுக்கு முழுதாகப் பொருந்துகிறது.

இப்போதைய அமைப்பு

நான் புதிய போர்டை 50 மி.மீ. ஃபின்களோடு, அதன் தடித்த பேட்களோடு ஓட்டுகிறேன். என் எடைக்கு நுனியின் ஃப்ளெக்ஸ் பொருந்துகிறது. எனக்குத் தாவுவதில் ஆசை அதிகம் என்பதால் இறங்கும் மென்மைக்காக இரண்டு மூன்று டிகிரியை விட்டுக்கொடுக்கச் சம்மதம். காற்று தளர்ந்து வீசும் என்று தெரிந்தால் பழையதை எடுத்துக்கொள்கிறேன்.

நண்பன் வேறு முடிவுக்கு வந்தான். அவன் கேட்டது முழங்காலுக்கு நிம்மதி. தாவுவது அவனுக்கு இரண்டாம்பட்சம். தன்னுடைய விறைப்பான, தட்டையான போர்டை வைத்துக்கொண்டு தடித்த பேட்களை மட்டும் மாட்டிக்கொண்டான். கால் அகலத்தை ஒரு துளை குறைத்ததில் முழங்கால் இன்னும் தாராளமாக மடிகிறது என்கிறான்.

இப்படிப் பேட்களை மாற்றிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வேலை சார்ந்த குறிப்பு. பழைய பேட்டுக்கு வந்த திருகு, தடித்த அடித்தட்டுள்ள பேட்டுக்குக் குட்டையாக இருக்கலாம். இரண்டு மூன்று சுற்று மட்டும் பிடித்தால் கொந்தளிப்பின் அதிர்விலேயே கழன்றுவிடும். நீளம் மிஞ்சினால் துளையின் அடியில் முட்டி மேல்தோலைப் பிளந்துவிடும். துளையின் ஆழத்தைக் குச்சியால் அளந்து, அடித்தட்டின் தடிமனையும் கூட்டி, துருப்பிடிக்காத திருகுகளை அந்த நீளத்தில் எடுங்கள். முதல் அரைமணி நேரத்துக்குப் பிறகு கரையேறி எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்குங்கள். எங்கள் இருவருடைய போர்டிலும் அந்த முதல் அரைமணியில்தான் திருகுகள் தளர்ந்திருந்தன. இறுக்கிய பிறகு தளரவில்லை.